வியூ, என்கோடிங், யூசர் டிஃபைன்ட்

2000ஆம் ஆண்டு வாக்கில் தமிழ் இணைய இதழ் எதிலாவது வேலை பார்த்தவர்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இந்த மூன்று சொற்களைச் சொல்வார்கள். நான் சேர்ந்தது சென்னையில் ஓர் இலக்கிய மாத இதழின் இணையப் பதிப்பில். கதைகளையும் கட்டுரைகளையும் பக்கமாக்கி ஏற்றுவதுதான் வேலை என்று சொல்லிச் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் காலை நேரம் முழுக்க வாசகர்களின் மின்னஞ்சல்களுக்குப் பதில் எழுதுவதிலேயே போகும். டொராண்டோ, பாரிஸ், கோலாலம்பூர் என்று எங்கிருந்து வந்தாலும் புகார் ஒன்றுதான்: பக்கம் திறக்கிறது, தமிழ் தெரியவில்லை. எழுத்துருவை இறக்கிக்கொள்ளுங்கள், ஃபாண்ட்ஸ் ஃபோல்டரில் போடுங்கள், பிறகு பிரவுசரில் வியூ, அதில் என்கோடிங், அதில் யூசர் டிஃபைன்ட். இந்தப் பதிலை ஆங்கிலத்தில்தான் எழுதியாக வேண்டும். தமிழில் எழுதினால், யாருக்கு இந்த விளக்கம் தேவையோ அவர் கண்ணுக்கு அது தெரியாது. முகப்பில் இருந்த ‘தமிழ் தெரிய’ என்ற உதவிப் பக்கத்தை முழுக்கப் படமாகவே செய்து வைத்திருந்தோம். டயல்-அப் இணைப்பில் அந்தப் படம் மேலிருந்து கீழே வரி வரியாக இறங்கும். அதற்குள் பலர் பொறுமை இழந்து எங்களுக்கே எழுதிவிடுவார்கள்.

பிரவுசரைக் குற்றம் சொல்ல முடியாது. அதற்கு வந்து சேர்பவை வெறும் எண்கள். ஒரு பைட்டில் 0 முதல் 255 வரை எண்கள் அடங்கும். முதல் 128 இடங்களில் ஆங்கிலம் உட்கார்ந்திருக்கிறது. மீதி 128 இடங்களில் இருப்பது எந்த மொழி என்பதை யாராவது சொன்னால்தான் உண்டு. 1995இல் வந்த எச்டிஎம்எல் 2.0, மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான எழுத்துப் பட்டியலையே வலைப்பக்கத்தின் எழுத்தாக வைத்திருந்தது. தன் எழுத்து இன்னது என்று சொல்லாமல் ஒரு பக்கம் வந்தால் அதையும் மேற்கு ஐரோப்பிய எழுத்தாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்றது அன்றைய எச்டிடிபி விதி. அந்தக் கணக்கில் தமிழுக்கு இடமில்லை. ஆகவே தமிழ் மாறுவேடம் போட்டுக்கொண்டு போயிற்று. பிரெஞ்சு எழுத்து ஒன்று இருக்க வேண்டிய எண்ணில் எங்கள் எழுத்துரு ‘ப’வை வரைந்து காட்டும். பிரவுசர் தன் கணக்கில் பிரெஞ்சைக் காட்டிக்கொண்டிருக்கும், வாசகர் தமிழைப் படித்துக்கொண்டிருப்பார். எழுத்துரு இல்லாத கணினியில் வேடம் கலைந்து, தலையில் கோடும் புள்ளியும் கொண்ட அயல் எழுத்துகள் பக்கம் முழுக்க நிற்கும். ‘யூசர் டிஃபைன்ட்’ என்பது பிரவுசரிடம், “நீ எதுவும் ஊகிக்காதே, நான் வைத்திருக்கும் எழுத்துருவை மட்டும் போடு” என்று சொல்வதற்குச் சமம்.

அந்த வேடமும் ஒன்றாக இருக்கவில்லை. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 1995இலேயே தமிழ்க் கவிதைகளை வலையேற்றக் காரணமாக இருந்தார். மலேசியாவின் முத்து நெடுமாறன் முரசு அஞ்சல் மென்பொருளைக் கொடுத்தார். சுவிட்சர்லாந்தின் லோசானில் வேதியியல் ஆய்வாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம் மயிலை எழுத்துருவை உருவாக்கி இலவசமாக விட்டார். தமிழ் இலக்கியங்களை மின்பதிப்பாக்க 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்திலும் முன்னால் நின்றவர் அவரே. இலங்கைத் தமிழர்களும் புலம்பெயர்ந்தவர்களும் பாமினியில் எழுதினார்கள். அதில் ஆங்கில ‘எம்’ இருக்கும் இடத்தில் ‘அ’, ‘கே’ இருக்கும் இடத்தில் ‘ம’, அரைப்புள்ளியில் மேற்புள்ளி, ‘எச்’சில் துணைக்கால். எழுத்துரு இல்லாதவருக்கு ‘அம்மா’ என்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று தெரியும். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டிலிருந்து டாப், டாம் என்று இரண்டு குறியாக்கங்கள் வந்தன. மின்னஞ்சல் குழுவில் உலகெங்குமிருந்து விவாதித்து உருவாக்கிய திஸ்கி ஏற்கெனவே இருந்தது. இவை போதாதென்று நாளிதழ்களும் வார இதழ்களும் ஆளுக்கொரு எழுத்துரு வைத்திருந்தன. பிரவுசிங் சென்டர் கணினியில் ஃபாண்ட்ஸ் ஃபோல்டரைத் திறந்தால் அந்தப் பேட்டையில் யார் எந்தப் பத்திரிகை படிக்கிறார்கள் என்று சொல்லிவிடலாம்.

இந்தப் பன்மையைத் தமிழரின் ஒற்றுமைக் குறைவுக்கு உதாரணமாகக் காட்டுவது அந்தக் காலத்தில் வழக்கம். மேடைகளில் சொல்லிக் கைதட்டலும் வாங்குவார்கள். எனக்கு அந்தப் பேச்சு அன்றும் ஒப்பவில்லை, இன்றும் ஒப்பவில்லை. ஒரு பெரிய நிறுவனம் செய்திருக்க வேண்டிய வேலையை, பகலில் வேறு தொழில் பார்த்தவர்கள் இரவில் உட்கார்ந்து காசு வாங்காமல் செய்தார்கள். ஒருவர் செய்தது இன்னொருவருக்குத் தெரிவதற்குள் இரண்டாவது ஆளும் செய்து முடித்துவிட்டார், அவ்வளவுதான். அவர்கள் செய்யாமல் இருந்திருந்தால், பத்தாண்டு காலத் தமிழ் வலையில் படங்களாக மட்டுமே இருந்திருக்கும்.

நாங்கள் திஸ்கியில் இருந்தோம். எங்கள் அலுவலகத்தில் மெய்ப்புப் பார்க்க ஓர் ஐயா வருவார். பள்ளியில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மவுஸைத் தொட மாட்டார். நான் பக்கத்தை நகர்த்த, நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டு திரையில் படிப்பார். ஒருநாள் புதிதாக வாங்கிய கணினியில் ஒரு சிறுகதையைத் திறந்தபோது, “ஏம்மா, ‘இ’யைக் காணோமே?” என்றார். பார்த்தால் ‘இரவு’ இருக்க வேண்டிய இடத்தில் ‘ரவு’, ‘இவன்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘வன்’. மற்ற எழுத்தெல்லாம் சரியாக இருக்க, பக்கம் முழுக்க ‘இ’ மட்டும் இல்லை. தட்டச்சு செய்த கோப்பில் இருக்கிறது, திரையில் இல்லை.

காரணம் பிறகு பிடிபட்டது. திஸ்கியில் ‘இ’ இருந்த இடம் 173. மேற்கு ஐரோப்பியப் பட்டியலில் அதே 173இல் இருப்பது மறைகோடு. ஒரு நீண்ட சொல் வரி முடிவில் உடைய வேண்டிவந்தால் மட்டும் வெளியே தெரிய வேண்டும், மற்ற நேரத்தில் தெரியக் கூடாது என்பது அதன் விதி. புதிய பிரவுசர் அந்த விதியைச் சரியாகவே கடைப்பிடித்தது. பழைய பிரவுசர் விதியைப் பொருட்படுத்தாததால் ‘இ’ பிழைத்துக்கொண்டிருந்தது. பின்னால் வந்த எழுத்துருக்களில் ‘இ’க்கு இன்னோர் இடமும் கொடுத்தார்கள். மாறுவேடத்தில் வாழ்வதன் ஆபத்து எனக்கு அந்த ‘ரவு’வில்தான் முதன்முதலில் உறைத்தது. எவருடைய பட்டியலில் ஒளிந்திருக்கிறோமோ அவர்களுடைய விதி எப்போது வேண்டுமானாலும் நம்மேல் பாயும்.

இறக்கிக்கொள்ளத் தேவையில்லாத எழுத்துருக்களும் வந்தன. மைக்ரோசாஃப்ட்டின் கருவியில் ஒரு கோப்பு செய்தால் அது இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் மட்டும் வேலை செய்யும். நெட்ஸ்கேப் 4க்கு பிட்ஸ்ட்ரீம் நுட்பத்தில் வேறொரு கோப்பு. இரண்டையும் செய்து வைத்தோம், புகார்கள் பாதியாயின. பிறகு மோசில்லா வந்தது. அதில் இரண்டும் ஓடவில்லை. வியூ, என்கோடிங், யூசர் டிஃபைன்ட் என்று மறுபடியும் தொடங்கினேன்.

மாறுவேடம் தேவையில்லாமல் ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனி எண் தரும் யூனிகோடில் தமிழ் 1991இலேயே இடம் பெற்றுவிட்டது. 1988ஆம் ஆண்டின் இந்தியக் குறியாக்கமான இஸ்கியை ஒட்டி அமைந்த அந்த இட ஒதுக்கீட்டின் மேல் தமிழறிஞர்களுக்கு இருந்த வருத்தமும், அதைச் சுற்றி ஆண்டுக்கணக்கில் நடந்த வாதமும் தனிக்கதை. விண்டோஸ் 2000 லதா எழுத்துருவோடு வந்தது. ஆனால் எங்கள் வாசகர்களில் பெரும்பாலோர் விண்டோஸ் 98இல் இருந்தார்கள். யூனிகோடுக்கு மாற எங்கள் இதழாசிரியர் அசையவில்லை. “நாலு பேர் புதுசா படிக்கிறதுக்காக நாப்பது பேரை இழக்க முடியாதும்மா” என்பார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது.

அவரை மாற்றியது ஒரு தேடல். மறைந்த எழுத்தாளர் ஒருவரைப் பற்றி நாங்கள் சிறப்பிதழே கொண்டுவந்திருந்தோம். கல்லூரி மாணவி ஒருவர், அவரைப் பற்றி இணையத்தில் ஒன்றுமே இல்லையே என்று ஆசிரியருக்குக் கடிதம் எழுதியிருந்தார். ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு, கூகுளில் அந்தப் பெயரைத் தமிழில் தட்டச் சொன்னார். எங்கள் சிறப்பிதழ் வரவில்லை. கூகுளின் கண்ணுக்கு எங்கள் இதழ் முழுவதும் எந்த மொழியிலும் சேராத மேற்கு ஐரோப்பிய எழுத்துக் குவியல். அதில் தமிழ்ப் பெயர் எப்படிக் கிடைக்கும்? 2003இல் தமிழ் வலைப்பதிவுகளும் தமிழ் விக்கிப்பீடியாவும் தொடங்கிவிட்டிருந்தன. அவை தேடலில் வந்தன. ஆசிரியர் திரையைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “மாத்திடுங்க” என்றார்.

மாற்றுவதற்குக் கருவிகள் இருந்தன. சுரதாவின் பொங்குதமிழ் எழுத்துமாற்றியை அறியாத தமிழ் இணையவாசி அன்று கிடையாது. ஆனால் இதழ் முழுவதையும் மாற்றும்போது ஒவ்வொரு எழுத்தாகப் பார்க்க வேண்டிவந்தது. திஸ்கியில் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் நிற்கும்: ‘கெ’ என்றால் முதலில் கொம்பு, பிறகு ‘க’. யூனிகோடில் ஒலிக்கும் வரிசை: முதலில் ‘க’, பிறகு கொம்பு. இது நிரலுக்கு எளிது. கஷ்டம் ‘கௌ’வில் இருந்தது. ஔகாரத்தின் பின்பகுதிக்குத் தனி இடம் இருந்தும் தட்டச்சு செய்தவர்கள் பலர் அங்கே ‘ள’வையே போட்டிருந்தார்கள். பார்க்க ஒன்றுபோல் இருப்பதால் யாரும் குறை சொன்னதில்லை. இப்போது ‘கௌரவம்’ என்பது ‘கெ-ள-ர-வ-ம்’ என்று ஐந்து எழுத்தாக மாறி நின்றது. இன்றும் பல பழைய பக்கங்களில் இப்படித்தான் நிற்கிறது, தேடினால் கிடைக்காது. ஐயா ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்தார்: கௌரவம், கௌதமன், சௌகரியம், பௌர்ணமி, மௌனம், யௌவனம். அதை வைத்து மாற்றினோம். புதிய இதழ்களை இணையத்தில் ஒரு படிவத்தில் நேராக யூனிகோடிலேயே தட்டத் தொடங்கினோம். எழுத்தாளர்கள் சிலரும் வீட்டிலிருந்தே அந்தப் படிவத்தில் எழுதினார்கள். ஃபயர்பாக்ஸில் பத்தியை இருபுறமும் சீராக நிறுத்தினால் எழுத்துகள் உடைந்து சிதறும், அதற்காக இடப்பக்கச் சீரமைப்போடு நிறுத்திக்கொண்டோம். 2008இல் வந்த மூன்றாம் பதிப்பில் அது சரியாயிற்று.

பிறகு சர்வர் மாற்றினோம். வாடகை குறைவு என்று வேறொரு நிறுவனத்துக்குப் போனோம். போன மறுநாள் காலை இதழைத் திறந்தால் பக்கம் முழுக்க ஒரே கோலம்: தலையில் சாய்கோடு போட்ட சின்ன ஆங்கில ‘ஏ’, வட்டத்துக்குள் ‘ஆர்’, பிறகு ஏதோ ஒரு குறி. மறுபடியும் ‘ஏ’, ‘ஆர்’, வேறொரு குறி.

யூனிகோடை வலையில் அனுப்பும் யுடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட்டுகள். முதல் பைட் எப்போதும் 224. இரண்டாவது 174 அல்லது 175. மூன்றாவதுதான் எழுத்துக்கு எழுத்து மாறும். இந்த மூன்றையும் மேற்கு ஐரோப்பியப் பட்டியலில் தனித்தனியாகப் படித்தால் 224 சாய்கோட்டு ‘ஏ’, 174 வட்ட ‘ஆர்’, 175 மேல்கோடு. அன்றைக்கு முழுவதும் அதையே பார்த்துக்கொண்டிருந்ததில் எனக்கு அதைப் படிக்க வந்துவிட்டது. மூன்றாவது குறியை மட்டும் பார்த்தால் போதும். பவுண்டு நாணயக் குறி வந்தால் ‘ண’. பதிப்புரிமைக் குறி வந்தால் ‘ன’. மேலே சின்ன இரண்டு இருந்தால் ‘ல’, சின்ன மூன்று இருந்தால் ‘ள’. வெப்பநிலைப் பாகைக் குறி ‘ர’, கூட்டல்-கழித்தல் குறி ‘ற’. துணைக்கால் முக்கால் பின்னமாகவும், ‘இ’கர விசிறி தலைகீழ்க் கேள்விக்குறியாகவும் நிற்கும். அந்தக் கோலத்திலிருந்து ஆசிரியரின் தலையங்கத் தலைப்பை நான் வாய்விட்டுப் படித்தபோது ஐயா திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

பக்கத்தின் உள்ளே, தலைப்பகுதியில், ‘இது யுடிஎஃப்-8’ என்று நாங்கள் எழுதித்தான் வைத்திருந்தோம். ஆனால் பக்கத்தைக் கொண்டுவந்து கொடுக்கும் சர்வர், தன் பங்குக்கு ‘இது மேற்கு ஐரோப்பிய எழுத்து’ என்று ஒரு சீட்டை முன்னால் அனுப்பிக்கொண்டிருந்தது. பக்கம் ஒன்று சொல்லி சர்வர் வேறொன்று சொன்னால் சர்வர் சொல்வதே செல்லும். அப்பாச்சி சர்வரின் அன்றைய அமைப்பில் அந்த வரி கேட்காமலே சேர்ந்து வரும். அது வீம்புக்குச் சேர்த்ததல்ல. எழுத்து வகை சொல்லாத பக்கங்களைப் பிரவுசர்கள் தம் இஷ்டத்துக்கு ஊகிப்பதைப் பயன்படுத்தி, வேறொருவர் பக்கத்தில் தீய நிரலைப் புகுத்தும் வழி ஒன்று 2000இல் பெரிதாகப் பேசப்பட்டது. அதைத் தடுக்க, எல்லாப் பக்கத்துக்கும் ஏதாவது ஒரு சீட்டு போய்ச் சேரட்டும் என்று வைத்தார்கள். தமிழ்ப் பக்கங்களுக்கு அது தவறான சீட்டாக முடிந்தது.

இன்று பிரவுசர்கள் இந்த வரிசையை எழுதி வைத்துக்கொண்டு ஒரே மாதிரி நடக்கின்றன. கோப்பின் தொடக்கத்திலேயே யூனிகோடு அடையாளக் குறி இருந்தால் அது முதலில். அடுத்தது சர்வரின் சொல். அதுவும் இல்லாவிட்டால் பக்கத்தின் முதல் 1024 பைட்டுகளுக்குள் எழுதியிருக்கும் அறிவிப்பு. எதுவும் இல்லாதபோதுதான் ஊகம். ‘என்கோடிங்’ என்ற பட்டியலையே குரோம் 2017 வாக்கில் எடுத்துவிட்டது. ஃபயர்பாக்ஸ் 2021இல் அதை ஒரே ஒரு ‘சரிசெய்’ கட்டளையாகச் சுருக்கியது. திஸ்கி 2007இல் அனைத்துலகப் பதிவேட்டில் ஏறியும், பிரவுசர்கள் ஏற்கும் குறியாக்கப் பட்டியலில் அதற்கு இடம் கிடைக்கவில்லை. ‘யூசர் டிஃபைன்ட்’ மட்டும் அந்தப் பட்டியலில் இன்னும் இருக்கிறது. பின்னாளில் அதைப் பெரும்பாலும் படம், ஒலி போன்ற எழுத்தல்லாத தரவுகளை அலுங்காமல் வாங்கிக்கொள்ள நிரலாளர்கள் பயன்படுத்தினார்கள் என்று அறிந்தபோது, பழைய ஊர்க்காரரை வேறு ஊரில் வேறு வேலையில் பார்த்தது போலிருந்தது.

எங்கள் விஷயத்தில், சர்வரில் ஒரு வரியை மாற்றினால் முடிந்திருக்கும். பிரவுசர் தவறாக ஊகித்துக் காட்டுவதால் எதுவும் கெடுவதில்லை. பைட்டுகள் அப்படியே இருக்கின்றன, சரியான சீட்டைக் கொடுத்த நொடியில் தமிழ் திரும்பிவிடும். தவறான ஊகத்தை ஒருவர் நம்பி, அதன்படி மாற்றிச் சேமித்துவிட்டால்தான் கேடு. அதுதான் நடந்தது. நாங்கள் புகார் கொடுத்ததும், அந்த நிறுவனத்தில் இருந்தவர் எங்கள் தரவுத்தளம் முழுவதும் மேற்கு ஐரோப்பிய எழுத்தில் இருப்பதாக எடுத்துக்கொண்டு, அதை ‘யுடிஎஃப்-8க்கு மாற்றி’க் கொடுத்தார். ஏற்கெனவே யுடிஎஃப்-8இல் இருந்ததை மறுபடியும் மாற்றினார். சாய்கோட்டு ‘ஏ’வும் வட்ட ‘ஆர்’உம் இப்போது காட்சிப் பிழையாக இல்லாமல் உண்மையான எழுத்துகளாகவே பதிந்துவிட்டன. பழைய சர்வரை அதற்குள் காலி செய்துவிட்டிருந்தோம். திஸ்கிக் காலத்து இதழ்களுக்குக் கோப்புகள் இருந்தன. நேராகப் படிவத்தில் தட்டிய யூனிகோடு காலத்து இதழ்களுக்கு அந்தத் தரவுத்தளம் ஒன்றே பிரதி.

இரண்டு முறை மாற்றியதை ஒரு முறை பின்னோக்கி மாற்றலாம். அதற்கு நிரல் எழுதினேன். ஓட்டியதும் பெரும்பாலான எழுத்துகள் திரும்பின. ஆனால் எல்லாப் பத்தியிலும் கேள்விக்குறிகள் இறைந்து கிடந்தன. விண்டோஸின் மேற்கு ஐரோப்பியப் பட்டியலில் ஐந்து இடங்கள் காலி: 129, 141, 143, 144, 157. மாற்றிய மென்பொருள் அந்த எண்களைக் கண்ட இடத்திலெல்லாம், இங்கே எழுத்தே இல்லையே என்று கேள்விக்குறியைப் போட்டுவிட்டது. தமிழின் மூன்றாவது பைட்டில் 143 என்றால் ‘ஏ’. 144 என்றால் ‘ஐ’. 129 என்றால் உகரக் குறி. 141 என்றால் புள்ளி. 157இல் மட்டும் தமிழுக்கு எதுவும் இல்லை. தமிழில் ஒரு பக்கத்தை எடுத்தால் அதிகம் வரும் குறி புள்ளி, உகரமும் அதற்குச் சளைத்ததல்ல. போனது அந்த இரண்டும்.

முதல் இரண்டு பைட்டுகள் பிழைத்திருந்ததால் ஓர் ஆறுதல் இருந்தது: கேள்விக்குறிக்கு முன்னால் 174 இருந்தால் அது ‘ஏ’ அல்லது ‘ஐ’, 175 இருந்தால் புள்ளி அல்லது உகரம். இரண்டில் ஒன்றுதான். ஆனால் எது? அச்செடுத்து ஐயாவிடம் கொடுத்தேன். புள்ளியும் உகரமும் இல்லாத அந்தத் தாள்களை அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தடங்கலே இல்லாமல் படித்தார்.

“ஓலையில புள்ளியே கிடையாதும்மா,” என்றார். “எகர ஏகார வித்தியாசம் கிடையாது. காலும் ரகரமும் ஒரே மாதிரி இருக்கும். உ.வே.சா. அப்படிப் படிச்சுத்தான் பதிப்பிச்சார். நமக்கு இதாவது ரெண்டுல ஒண்ணுன்னு தெரியுது.”

அவரிடமிருந்துதான் விதிகள் வந்தன. நான் நிரலாக்கினேன். தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடியாது. ஆகவே சொல்லின் கடைசியில் க, ச, ட, த, ப, ற வந்து கேள்விக்குறி நின்றால் அது உகரம்: வீடு, காது, ஆறு. விலக்கு ஒன்று உண்டு: ‘அதைப் பார்த்தான்’ என்பதுபோல் அடுத்த சொல்லின் முதலெழுத்தும் அதே வல்லினமாக இருந்தால் ஒற்று மிகுந்திருக்கலாம். ‘அது தவறு’ என்ற இடத்தில் நிரல் திகைத்து நிற்கும், ஆள்தான் சொல்ல வேண்டும். பேங்க், பல்ப், ஜோக் என்று வந்த சொற்கள் நன்னூலுக்குக் கட்டுப்படவில்லை, அவற்றுக்குத் தனிப் பட்டியல். சொல்லின் நடுவே வந்தவை இன்னும் கடினம். ‘வாழ்த்து’, ‘எழுத்து’ இரண்டையும் பாருங்கள்: ‘ழ’வுக்கு அடுத்து ஒன்றில் புள்ளி, மற்றதில் உகரம், பின்னால் வருவது ஒன்றே. இதற்கு இலக்கணம் உதவாது, சொற்கள்தான் உதவும். கெடாமல் இருந்த திஸ்கிக் காலத்து இதழ்களிலிருந்து எல்லாச் சொற்களையும் பிரித்து ஒரு பட்டியல் செய்தோம். இரண்டு வடிவத்தில் எது பட்டியலில் இருக்கிறதோ அதை நிரல் எடுத்துக்கொள்ளும். ‘ஏ’யும் ‘ஐ’யும் எளிதாக முடிந்தன. ஐந்து, ஐயம், ஐயா, ஐப்பசி என்று ஒரு கைப்பட்டியல், மற்றதெல்லாம் ‘ஏ’.

மீதியை ஐயா படித்தார். இதழ் இதழாக, சிவப்பு மையால் தாளில் புள்ளியும் சுழியும் போட்டுக்கொண்டே போவார். நான் பார்த்துப் பார்த்துத் திரையில் சேர்ப்பேன். வட்டார வழக்கில் எழுதிய கதைகளில் நிரல் ஏறக்குறைய பயனற்றுப்போனது. “நான் கரிசக்காட்டு ஆளு, இதெல்லாம் எங்க ஆச்சி பேசுற பேச்சு” என்று அவற்றை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். சந்தேகம் வந்த இடங்களை எழுத்தாளர்களுக்குத் தபாலில் அனுப்பிக் கேட்டோம். சிலர் தங்கள் கைப்பிரதியைத் தேடி எடுத்து நகல் அனுப்பினார்கள். ஒருவர் முழுக்கதையையும் மறுபடி தட்டி அனுப்பினார்.

ஒரு கவிதையில் மட்டும் முடிவுக்கு வர முடியவில்லை. படிவத்தில் நேராக எழுதி அனுப்பியவர் அதற்குள் காலமாகிவிட்டார். வீட்டில் கைப்பிரதி இல்லை, பின்னால் வந்த தொகுப்பிலும் அந்தக் கவிதை சேரவில்லை. மூங்கிலைப் பற்றிய ஒரு வரியில் ‘க’, ‘ண’, கேள்விக்குறி. புள்ளி என்றால் ‘கண்’. உகரம் என்றால் ‘கணு’. மூங்கிலுக்குக் கணுவும் சரி, கணுவையே கண் என்று சொல்வதும் தமிழ். பட்டியலில் இரண்டும் இருந்தன. அடுத்த வரியில் பார்வை வருவதால் ‘கண்’ என்று நான் நினைத்தேன். அந்த மனிதர் சாதாரணமாக எழுதுகிறவர், விவசாயி, ‘கணு’ என்றுதான் எழுதியிருப்பார் என்றார் ஐயா. இரண்டு நாள் கழித்தும் இருவரும் மாறவில்லை.

“பாடபேதம்னு போட்டுடும்மா,” என்றார். கவிதையில் ‘கணு’ என்று வைத்து, அடியில் ‘கண் என்றும் பாடம்’ என்று ஒரு வரி சேர்த்தேன். இதழ் நின்று பல ஆண்டுகள் ஆகியும் அந்தப் பக்கத்தை வாடகை கட்டி வைத்திருக்கிறோம், அடிக்குறிப்போடு.